பாரிஸ் கடிகாரம் மாறினால் எபேன் வேன் எத்தனை மணிக்கு? பைத்தானில் நேர மண்டலம், முதல் பாடம்

மொரிஷியஸில் பிரான்ஸ் கம்பெனிகளுக்கு வேலை பார்க்கிற புரோகிராமர் எவரும் ஒருமுறையாவது "பாரிஸ் நேரத்தோடு மூன்றைக் கூட்டு" என்று எழுதியிருப்பார். நானும் எழுதினேன். மொரிஷியஸின் எபேன் நகரில் பிரெஞ்சு வாடிக்கையாளர்களின் போனை எடுக்கும் ஓர் அலுவலகத்துக்கு, ஷிப்ட் அட்டவணை போடும் சின்ன புரோகிராம் அது. ஜனவரியில் ஓடவிட்டேன். பாரிஸில் காலை 9 என்றால் இங்கே பகல் 12. பக்கத்து ஊரான காத்ர போர்னில் வேன் 11:15க்கு ஆட்களை ஏற்றும். எல்லாம் சரியாகத்தான் போனது.

மார்ச் கடைசி ஞாயிறு கழிந்த திங்கட்கிழமை, 11 மணிக்கே போன்கள் அலற ஆரம்பித்தன. எடுக்க ஆளில்லை. ஆட்கள் இன்னும் ரோட்டோரத்தில் வேனுக்காக நின்றுகொண்டிருந்தார்கள். சூப்பர்வைசர் அக்கா எனக்குப் போன் போட்டார். "தம்பி, பாரிஸ்ல மணியை மாத்தினது உன் கம்ப்யூட்டருக்குத் தெரியாதா?"

தெரியாது. நான் சொல்லித்தரவில்லை. எப்படிச் சொல்லித்தருவது என்பதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தில் மார்ச் கடைசி ஞாயிறு யூடிசி (உலகத்துக்கே பொதுவான அடிப்படை நேரம்) 1 மணிக்குக் கடிகாரம் ஒரு மணி முன்னே போகும். அக்டோபர் கடைசி ஞாயிறு அதே யூடிசி 1 மணிக்குப் பழையபடி திரும்பும். நம் கடிகாரம் அசையாது. ஆகவே நமக்கும் பாரிஸுக்கும் உள்ள இடைவெளி பாரிஸின் குளிர்காலத்தில் 3 மணி, பாரிஸின் கோடையில் 2 மணி.

படி 1: தேவையானவை

பைத்தான் 3.9 அல்லது அதற்குப் பிந்தையது போதும். அதிலேயே சோன்இன்ஃபோ என்ற மாட்யூல் இருக்கிறது. விண்டோஸ் வைத்திருப்பவர்கள் பிப் (பைத்தான் பேக்கேஜ்களை நிறுவும் கருவி) மூலம் டிஇசட்டேட்டா பேக்கேஜையும் போட்டுக்கொள்ளுங்கள். விண்டோஸில் பைத்தான் படிக்கிற மாதிரியான மண்டலப் பட்டியல் கிடையாது. அது இல்லாவிட்டால் பாரிஸையே காணோம் என்று எரர் வரும்.

படி 2: எண்ணை அழித்துவிட்டுப் பெயரை எழுதுங்கள்

மொரிஷியஸுக்கு நாம் போடும் +4 (யூடிசியை விட 4 மணி முன்னே) என்பது நேர மண்டலம் இல்லை. ஒரு குறிப்பிட்ட நாளில் ஓர் ஊர் யூடிசியிலிருந்து எவ்வளவு தள்ளி இருந்தது என்பதற்கான கணக்கு, அவ்வளவுதான். மண்டலம் என்றால் அந்த ஊர் கடிகாரத்தின் முழு வரலாறு. அதற்குக் கண்டமோ கடலோ முதலில், பிறகு சாய்கோடு, பிறகு ஊர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்: ஐரோப்பா/பாரிஸ், இந்தியன்/மொரிஷியஸ். புரோகிராமில் இவற்றை ஆங்கில எழுத்தில்தான் கொடுக்கவேண்டும்.

"நம்ம ஊர்ல மணியே மாறாதே, நமக்கு +4 போதாதா?" என்று கேட்கும் தம்பிகளுக்கு 2008ஐ நினைவூட்டுகிறேன். அந்த ஆண்டு அக்டோபர் 26ஆம் தேதி, தீபாவளி வாரத்தில், மின்சாரத்தை மிச்சம் பிடிக்க மொரிஷியஸும் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளியது. 2009 மார்ச் 29 வரை நாம் +5. ஒரே ஒரு கோடை. மறு ஆண்டு தொடரவில்லை. அந்தத் தைப்பூசத்துக்குக் காலை 6 மணிக்குக் காவடி தூக்கினவர் பழைய கணக்கில் 5 மணிக்கே தூக்கிவிட்டார். 1982-83இலும் ஒருமுறை இப்படி நடந்தது. பழைய பில், பழைய சம்பளப் பதிவு எதையாவது +4 வைத்துப் படித்தால் அந்த மாதங்களெல்லாம் ஒரு மணி நேரம் பிசகும். பெயரைக் கொடுத்திருந்தால் பைத்தானே பார்த்துக்கொள்ளும். (வேடிக்கைக்கு 1900ஆம் ஆண்டைக் கொடுத்துப் பாருங்கள். 3 மணி 50 நிமிடம் என்று சொல்லும். 1907க்கு முன் இங்கே சூரியனை ஒட்டிய உள்ளூர் நேரம்தான்.)

படி 3: நடந்து முடிந்ததை யூடிசியில் வையுங்கள்

போன் வந்த நேரம், பணம் கட்டிய நேரம் இவையெல்லாம் நடந்து முடிந்தவை. யூடிசியில் சேமித்துவிட்டு, திரையில் காட்டும்போது மட்டும் பார்ப்பவரின் மண்டலத்துக்கு மாற்றுங்கள். பைத்தானில் தேதி, நேரத்தைக் கையாளும் டேட்டைமின் நவ் ஃபங்ஷனை வெறும் கையோடு கூப்பிடாதீர்கள். அது சர்வர் கடிகாரத்தைப் படித்து, எந்த ஊர் நேரம் என்று சொல்லாமல் கொடுத்துவிடும். யூடிசி மண்டலத்தைக் கையில் கொடுத்துக் கூப்பிடுங்கள். யூடிசிநவ் என்று ஒன்று இருக்கிறதே என்றால், பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். அதுவும் மண்டலம் ஒட்டாத மொட்டை நேரத்தைத்தான் தருகிறது. 3.12 முதல் பைத்தானே அதை விட்டுவிடச் சொல்கிறது.

படி 4: நடக்கப்போவதை அப்படி வைக்காதீர்கள்

"எல்லாவற்றையும் யூடிசியில் போடு" என்று பல பாடங்கள் சொல்லும். எனக்கு அதில் உடன்பாடில்லை. அடுத்த ஜூலையில் பாரிஸ் நேரம் காலை 9க்கு ஷிப்ட் என்றால், ஒப்பந்தத்தில் இருப்பது பாரிஸ் 9 மணி. இன்றைய விதிப்படி அது யூடிசி 7. ஆனால் இந்த மணி மாற்றும் வழக்கத்தையே நிறுத்தலாம் என்று ஐரோப்பிய நாடாளுமன்றம் 2019இலேயே வாக்களித்துவிட்டது, நடைமுறைக்குத்தான் வரவில்லை. என்றைக்காவது வந்தால், யூடிசி 7 என்று எழுதிவைத்தவர் கதி என்ன?

எனவே டேபிளில் மூன்று நெடுவரிசை: தேதி, உள்ளூர் மணி, மண்டலப் பெயர். தேவைப்படும்போது கணக்கிடுங்கள். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் "டைம்ஸ்டாம்ப் வித் டைம் சோன்" இருக்கிறதே என்று நம்பி நானும் ஏமாந்திருக்கிறேன். அது நேரத்தை யூடிசியாக மாற்றி வைத்துக்கொண்டு மண்டலப் பெயரைத் தூக்கிப் போட்டுவிடும்.

படி 5: கழிப்பதற்கு முன் மாற்றுங்கள்

ஆரம்பத்தில் எல்லோரும் விழும் குழி இது. பாரிஸில் ஒரு காவலாளி 2026 மார்ச் 28 இரவு 10 முதல் மறுநாள் காலை 6 வரை வேலை பார்க்கிறார். இரண்டு நேரத்துக்கும் ஐரோப்பா/பாரிஸ் ஒட்டிவிட்டீர்கள். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் பைத்தான் 8 மணி நேரம் என்கிறது. அவர் பார்த்தது 7 மணி நேரம்தான். நடுவில் ஒரு மணி காணாமல் போய்விட்டது. இரண்டு நேரமும் ஒரே மண்டலமாக இருந்தால் பைத்தான் சுவர்க்கடிகார முள்ளை மட்டும் பார்த்துக் கழிக்கும். இரண்டையும் யூடிசிக்கு மாற்றிவிட்டுக் கழித்தால் 7 வரும். அக்டோபரில் இதே தவறு காவலாளியின் ஒரு மணிக் கூலியை விழுங்கும்.

படி 6: இல்லாத மணியும் இரட்டை மணியும்

2026 மார்ச் 29 அன்று பாரிஸில் அதிகாலை 2:30 என்ற நேரமே கிடையாது. 2 அடித்ததும் 3. ஆனால் அந்த நேரத்தைக் கொடுத்தால் பைத்தான் முணுமுணுக்காமல் வாங்கிக்கொள்ளும். பிடிப்பதற்கு வழி: யூடிசிக்கு மாற்றி மறுபடி பாரிஸுக்குக் கொண்டுவாருங்கள். 2:30 போய் 3:30 திரும்பி வந்தால் அது இல்லாத நேரம்.

அக்டோபர் 25இல் தலைகீழ்: 2:30 இரண்டு தடவை வரும். எது என்று சொல்ல டேட்டைமில் ஃபோல்ட் என்ற குறி இருக்கிறது. 0 கொடுத்தால் முதல் தடவை, யூடிசி 0:30. 1 கொடுத்தால் இரண்டாவது, யூடிசி 1:30.

படி 7: சோதனை

மண்டலப் பட்டியலை ஐயானா (இணையத்தின் பெயர், எண்களைப் பராமரிக்கும் அமைப்பு) ஆண்டுக்குச் சில முறை புதுப்பிக்கிறது. 2018இல் மொரோக்கோ இரண்டே நாள் அவகாசத்தில் விதியை மாற்றியது, ஆகவே சர்வரில் அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள். பிறகு இந்த நான்கையும் டெஸ்ட்டாக எழுதிவையுங்கள். பாரிஸ் காலை 9 மணி, 2026 மார்ச் 27 வெள்ளி: இங்கே 12. மார்ச் 30 திங்கள்: 11, வேன் 10:15. அக்டோபர் 26 திங்கள்: மறுபடி 12. நான்காவது, 2009 ஜனவரி 15 மொரிஷியஸ் பகல் 12: யூடிசி 7 வரவேண்டும். 8 வந்தால் புரோகிராமில் எங்கேயோ இன்னும் ஒரு +4 ஒளிந்திருக்கிறது, தேடுங்கள்.