பழைய பாப், ராக் பாடல்களைத் தேட: முதல் 20ஐ விட்டுவிடுங்கள்

1960, 70களில் ஏதாவது ஒரு வாரத்தின் பில்போர்ட் ஹாட் 100 பட்டியலை (அமெரிக்காவில் அந்த வாரம் அதிகம் விற்ற, ஒலித்த 100 பாடல்களின் வரிசை) இணையத்தில் எடுத்து, 21 முதல் 60 வரை உள்ள பாடல்களை மட்டும் யூடியூபில் தேடிக் கேளுங்கள். உச்சிக்குப் போனவற்றைத்தான் வானொலிகளும் செயலிகளும் திரும்பத் திரும்பப் போடுகின்றன. நடுவில் நின்றவையும் அன்று கடையில் விற்றவை, வானொலியில் ஒலித்தவை. பிறகு காதில் விழாமல் போனவை. எனக்கு மிகப் பிடித்த சோல் (அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை வகை) பாடல்கள் பலவும் இப்படித்தான் கிடைத்தன. பிரிட்டன் பாடல்களுக்கு அந்நாட்டுப் பட்டியல் 1952 முதலே உண்டு.

ஹாட் 100 தொடங்கியது 1958 ஆகஸ்டில். அதற்கு முந்தையவை இதில் அகப்படாது. சிங்கிளாக, அதாவது தனிப் பாடலுக்கான இசைத்தட்டாக, வராமல் ஆல்பத்தோடு நின்றவையும் அப்படியே. லெட் செப்பலின் பிரிட்டனில் சிங்கிள் வெளியிடுவதையே தவிர்த்த குழு. அந்த வகை ராக்குக்கு ஆல்பம் பட்டியலைப் பாருங்கள்.