வந்த துணியில் எத்தனை பீஸ் வரும்? பனியன் கணக்கு, கோத்தகிரி மூடுபனியில்

தையல் எனக்குப் புதிதில்லை. கோத்தகிரியில் பதினோரு வருஷம் ஜாக்கெட்டும் சுடிதாரும் தைத்துவிட்டுத்தான் ஆறு மெஷின் போட்டு, திருப்பூரிலிருந்து டி-ஷர்ட் ஜாப் ஒர்க் (துணி அவர்களுடையது, வெட்டித் தைப்பது நாம்) எடுக்க ஆரம்பித்தேன். முதல் ஆர்டர் ஷீட் கைக்கு வந்தபோதுதான் பனியன்காரர்கள் பேச்சே வேறு என்று புரிந்தது. இணையத்தில் தேடினால் நூறு சொல்லுக்கு அர்த்தம் கிடைக்கிறது. அதை மனப்பாடம் செய்தாலும் ஒரு பீஸ்கூட வெட்ட முடியாது. அதனால் இங்கே ஒரே ஒரு கணக்கை எடுத்துக்கொள்கிறேன்: இறங்கிய துணியில் எத்தனை பீஸ் வரும்? இதை ஒருமுறை போட்டுப் பார்த்தால் முக்கால்வாசிச் சொற்கள் தானாகப் பழகிவிடும்.

ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் மெஷின்களில் எது எதற்கு என்பது தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். (பேட்லாக் என்பது பிளாட்லாக்தான். திருப்பூரில் போய் 'பிளாட்லாக்' என்று திருத்தமாகச் சொன்னால் ஏற இறங்கப் பார்ப்பார்கள்.)

முதலில் ஷீட்டின் மேல் வரி

என்னுடைய ஷீட்டில் இப்படி இருந்தது: 24-ஆம் நம்பர் கோம்டு, சிங்கிள் ஜெர்சி, 180 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி 180 கிராம்), 22 டயா, எம் சைஸ்.

24 என்பது நூலின் கவுண்ட். 840 கஜம் கொண்ட 24 நூல்கண்டு சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை. எண் கூடக் கூட நூல் மெலியும். கோம்டு என்றால் குட்டை இழைகளைச் சீவி நீக்கிய பஞ்சு. சிங்கிள் ஜெர்சி, நாம் போடும் சாதாரண டி-ஷர்ட் துணி. இவற்றில் பெரிய சிக்கல் எதுவும் இல்லை.

டயாவில்தான் கொஞ்சம் நிற்க வேண்டும். பின்னல் மெஷினுக்கு டயா என்றால் உருளையின் விட்டமேதான். ஆனால் பிராசஸ் முடிந்து வரும் குழாய்த் துணிக்கு 22 டயா என்றால், அதை மேஜையில் தட்டையாகப் போட்டு அளந்தால் 22 அங்குலம். கிழித்து விரித்தால் 44 அங்குலம். அவ்வளவுதான்.

அளவுக் கட்டம்

ஜாக்கெட் தைத்த கைக்கு மார்பு என்றால் சுற்றளவு. இங்கே அப்படி இல்லை. 'செஸ்ட் 52' என்றால் அக்குளுக்கு இரண்டரை சென்டிமீட்டர் கீழே, பீஸைத் தட்டையாகப் போட்டு ஓரத்துக்கு ஓரம் அளந்தது. சுற்றளவு 104. உடல் நீளத்தை ஹெச்பிஎஸ்ஸிலிருந்து எடுக்க வேண்டும். கழுத்தும் தோள் தையலும் சந்திக்கும் மேட்டுப் புள்ளிதான் அது. முதுகு நடுவிலிருந்து அளந்தால் இரண்டு சென்டிமீட்டர்போல இடிக்கும், பீஸ் ரிஜெக்ட் ஆகும்.

என் ஷீட்டில் உடல் நீளம் 70, கை நீளம் 22, செஸ்ட் 52. எல்லாம் சென்டிமீட்டர். அங்குல டேப்பைத் தூக்கி உள்ளே வையுங்கள். மாற்றி மாற்றிப் பார்த்தால் தப்பு வராமல் இருக்காது.

கணக்கு

உடல் நீளத்தையும் கை நீளத்தையும் கூட்டி, மடிப்புக்கும் தையலுக்கும் 10 சேர்த்தால் 102. செஸ்ட்டுடன் 4 சேர்த்தால் 56. (22 அங்குலமும் கிட்டத்தட்ட இதேதான், அதனால்தான் அந்த டயா.) 102-ஐ 56-ஆல் பெருக்கி, முன்னும் பின்னும் சேர்த்து இரண்டால் பெருக்கினால் 11,424 சதுர சென்டிமீட்டர். அதை 180-ஆல் பெருக்கி 10,000-ஆல் வகுத்தால் 205.6 கிராம். ஒரு பீஸுக்குப் போகும் துணி இது. கட்டிங் வேஸ்ட்டுக்கு 10 சதவீதம் சேர்த்தால் 226 கிராம். 100 கிலோவுக்கு 442 பீஸ். கழுத்துப் பட்டிக்கான ரிப் துணி தனியாக வரும், இதில் சேராது.

ஜிஎஸ்எம் எடுப்பது

ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில். இதற்கென்று வட்டமாக வெட்டும் கட்டர் இருக்கிறது. சரியாக 100 சதுர சென்டிமீட்டர் வெட்டித் தரும்; எடையை 100-ஆல் பெருக்கினால் போதும். என்னைக் கேட்டால் ஆரம்பத்தில் அது வேண்டாம். பத்துக்குப் பத்து சென்டிமீட்டரில் ஒரு தகரத் துண்டு வெட்டிக்கொள்ளுங்கள், அதை வைத்துப் பிளேடால் அறுங்கள். கத்தரிக்கோல் துணியை இழுத்துவிடும்.

அந்தக் காசில் நல்ல தராசு வாங்குங்கள். 0.1 கிராம் காட்டும் சமையல் தராசு உதவாது, அதில் ஒரு புள்ளி தவறினால் 10 ஜிஎஸ்எம் தவறும். நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் 0.01 கிராம் தராசு வேண்டும். ஓரத்தை விட்டுவிட்டு ரோலின் குறுக்கே ஐந்து இடத்தில் அறுத்து, ஐந்தையும் ஒன்றாக நிறுத்து 20-ஆல் பெருக்குங்கள்.

நான் சறுக்கிய இடம்

அது ஐப்பசி. டிசியில் (துணியோடு வரும் டெலிவரி சலான்) 5 ரோல், 100 கிலோ என்று போட்டிருந்தது. சுருக்கம் விடட்டும் என்று ரோலைப் பிரித்து இரண்டு நாள் மடித்துப் போட்டிருந்தோம். வெளியே எதிர் வீடு தெரியாத மூடுபனி. நிறுத்துப் பார்த்தேன்: 188 ஜிஎஸ்எம். ஷீட்டில் கூடக் குறைய 5 சதவீதம் ஒத்துக்கொள்ளலாம் என்று இருந்தது, அதாவது 171 முதல் 189 வரை. 188 அதற்குள் வருகிறது, எனக்குச் சந்தேகமே எழவில்லை. 188 வைத்துக் கணக்குப் போட்டால் ஒரு பீஸுக்கு 236 கிராம், 100 கிலோவுக்கு 423 பீஸ். போனைப் போட்டு அப்படியே சொன்னேன்.

"ஏனுங்க்கா, பத்தொம்பது பீஸ் துணி மலையேறுறப்ப எறங்கிக்கிச்சுங்களா?" என்றார் திருப்பூர்க்காரர்.

வெட்டி முடித்தபோது வந்தது 440. மறைக்காமல் அத்தனையும் தைத்து அனுப்பினேன். ஆனாலும் அடுத்த லாட்டுக்குத் துணியோடு அவர் ஆள் ஒருவரும் வந்து இறங்கினார்.

மிச்சமிருந்த பத்துக்குப் பத்து துண்டு ஒன்றை எடுத்து இஸ்திரி போட்டு, சூட்டோடு தராசில் வைத்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. 1.69 கிராம் காட்டியது. பார்த்துக்கொண்டே இருக்கிறேன், 1.70, 1.71 என்று எண் தானாக ஏறுகிறது. பக்கத்து ஹட்டியிலிருந்து (படுகர் ஊர்) செக்கிங்குக்கு வரும் அக்கா, தராசு கெட்டுப்போச்சு என்றார். தராசு நன்றாகத்தான் இருந்தது. துணி ஈரம் குடித்துக்கொண்டிருந்தது.

பருத்தி காற்றிலிருந்து ஈரம் இழுக்கும். வியாபாரக் கணக்கில் அதன் ஈரப்பதத்தை 8.5 சதவீதம் என்று வைக்கிறார்கள். அதனால்தான் லேப்களில் 20 டிகிரி வெப்பமும் 65 சதவீதக் காற்று ஈரமும் வைத்து, துணியை அதில் ஆறப்போட்டுப் பிறகு நிறுக்கிறார்கள். நம் ஊர் மூடுபனியில் காற்று ஈரம் தொண்ணூறைத் தாண்டும். துணி தடிக்கவில்லை, நூல் மாறவில்லை, தண்ணீர் ஏறியிருக்கிறது. இஸ்திரி போட்டால் நேர்மாறாக மொத்த ஈரமும் ஓடி, எண் 170-க்குக் கீழே போய் நிற்கும். அதையும் நம்பக்கூடாது.

என் தப்பு எது என்றால், எடையைத் திருப்பூரில் போட்டதாக எடுத்துக்கொண்டு, ஜிஎஸ்எம்மை மட்டும் கோத்தகிரியில் எடுத்தது. அந்த 100 கிலோவை இங்கே நிறுத்திருந்தால் 104 கிலோ 400 காட்டியிருக்கும். அதை 236-ஆல் வகுத்துப் பாருங்கள், அதே 442.

ஆகவே இரண்டில் ஒன்று செய்யுங்கள். டிசி எடையை எடுத்தால் ஷீட்டில் இருக்கும் ஜிஎஸ்எம்மையே எடுங்கள். சொந்தமாகச் சோதிக்க வேண்டும் என்றால், ரோலையும் துண்டையும் ஒரே நாளில், ஒரே அறையில், ஒரே மணி நேரத்துக்குள் நிறுங்கள். நான் இப்போது இரண்டையும் செய்து, இரண்டு விடையும் ஒத்துப்போனால்தான் கத்தி எடுக்கிறேன். சுவரில் ஈரப்பத மீட்டர் ஒன்று மாட்டியிருக்கிறேன், அந்த எண்ணையும் நோட்டில் எழுதிவிடுவேன். வேஸ்ட்டைத் திருப்பி அனுப்பும்போதும் இதே கதைதான். இங்கே நிறுத்த கட்டிங் வேஸ்ட் திருப்பூர் போனால் எடை குறையும். சலானில் 'கோத்தகிரி எடை' என்று எழுதி அனுப்புங்கள், பேச்சு வராது.

பிற்சேர்க்கை 1: டயா என்று படித்ததும் 22-ஐ 3.14-ஆல் பெருக்கி, 69 அங்குலத் துணி வரும் என்று மார்க்கர் (துணியில் பீஸ்களை அடுக்கும் வரைபடம்) போட்டு வைத்துவிட்டதாக ஒரு தம்பி எழுதியிருக்கிறார். மேலே அந்தப் பத்தியை நான்கே வரியில் முடித்தது என் தப்பு. தட்டை அகலம், தம்பி. இரண்டால் மட்டும் பெருக்குங்கள்.

பிற்சேர்க்கை 2: கொடைக்கானலில் யூனிட் வைத்திருக்கும் ஒருவர், டிரை-ஃபிட் துணிக்கும் இப்படிப் பார்க்க வேண்டுமா என்று கேட்டார். அது முழு பாலியஸ்டர் என்றால் தேவையில்லை. பாலியஸ்டருக்கு வைக்கும் ஈரக் கணக்கு 0.4 சதவீதம்தான், கார்த்திகை மழையிலும் எண் அசையாது. பருத்தி கலந்தது என்றால் கலந்த அளவுக்கு ஏறும், அப்போது ரோலையும் சேர்த்தே நிறுத்துக்கொள்ளுங்கள்.