ஒரே பெட்டி, இரண்டு மாநிலக் கணக்கு: வீட்டு நாஸில் ஃபோல்டர் அனுமதி

கம்பத்திலோ போடியிலோ வீடு, குமுளிக்கு மேலே வண்டன்மேட்டுப் பக்கம் ஏலத்தோட்டம். மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பிழைப்பு நடத்தும் வீடுகளில் நாஸ் பெட்டி (வீட்டு நெட்வொர்க்கில் எல்லாரும் பகிர்ந்து கோப்பு வைக்கும் டிஸ்க் பெட்டி) சீக்கிரமே நிரம்பிவிடும். இங்கத்திய பட்டா, சிட்டா, அங்கத்திய பட்டயம், கரம் (நிலவரி) ரசீது, 33-இல் தொடங்கும் தமிழ்நாட்டு ஜிஎஸ்டி எண்ணுக்கான பில்கள், 32-இல் தொடங்கும் கேரள எண்ணுக்கான பில்கள், புற்றடி, போடி ஏலக்காய் ஏல மையங்களின் பட்டியல்கள், தோட்டத்து மஸ்டர் (ஆள் வருகைப் பதிவு). இவற்றோடு கல்யாண வீடியோ, பிள்ளைகளின் பள்ளிப் படங்கள். பெட்டி வந்த அன்றே ஒரே ஃபோல்டர், ஒரே பாஸ்வேர்டு என்று எல்லாருக்கும் திறந்துவிடுகிறார்கள். பிறகு கணக்கரின் லேப்டாப்பில் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ஒரு ரான்சம்வேர் நுழைந்தால், பட்டயத்தின் ஸ்கேனும் கல்யாண வீடியோவும் சேர்ந்தே பூட்டப்படும். அந்த வைரஸுக்கு நாஸில் தனி வழி எதுவும் வேண்டாம். கணக்கருக்கு எங்கெல்லாம் எழுத அனுமதி உண்டோ அங்கெல்லாம் அதுவும் எழுதும்.

அதனால் அனுமதியை ஆளுக்குக் கொடுக்காமல் வேலைக்குக் கொடுக்க வேண்டும். கணக்கர் மாறுவார், கங்காணி மாறுவார், பெண் கல்யாணமாகிப் போவாள். வேலை மாறாது. வேலைக்கு ஒரு குரூப், குரூப்புக்கு அனுமதி, ஆளை அந்தக் குரூப்பில் சேர்ப்பது அல்லது நீக்குவது என்று வைத்துக்கொண்டால், ஐந்து வருஷம் கழித்தும் யாருக்கு எது திறக்கும் என்பது உங்களுக்கு விளங்கும்.

திரையைத் திறக்கும் முன் ஒரு தாள்

முதலில் காகிதத்தில் கட்டம் போடுங்கள். மேலே குரூப்புகள், இடப்பக்கம் ஃபோல்டர்கள். மேலே சொன்ன மாதிரி வீட்டுக்கு நான்கு குரூப் போதும்: வீட்டார், கணக்கு, தோட்டம், டிவி. ஃபோல்டர்கள் ஐந்து.

ஆவணம்: வீட்டார் படிக்கலாம், எழுத ஒருவருக்கு மட்டும். பட்டயத்தை யாரும் தினமும் திருத்துவதில்லை.
கணக்கு-33, கணக்கு-32: கணக்கு குரூப் எழுதலாம், வீட்டார் படிக்கலாம். இரண்டு மாநிலத்துக்கும் இரண்டு கணக்கர் இருந்தால் குரூப்பையும் இரண்டாகப் பிரியுங்கள்.
மஸ்டர்: தோட்டம் குரூப் எழுதலாம், கணக்கு குரூப் படிக்கலாம்.
படம்: வீட்டார் எழுதலாம், டிவி படிக்க மட்டும்.

'எழுத ஒருவருக்கு மட்டும்' என்ற இடத்திலும் ஆளைப் போடாமல் 'ஆவணம்-எழுது' என்று ஒரு குரூப் வைத்து, அதில் ஒரே ஒருவரைச் சேருங்கள். முதலில் வீண் வேலை போலத் தெரியும். அவர் வெளியூர் போய், இன்னொருவர் ஸ்கேன் ஏற்ற வேண்டிய நாளில் அதன் அருமை புரியும்.

பெட்டியில் செய்வது

சைனாலஜி நிறுவன நாஸில் ஓடும் டிஎஸ்எம் 7 மென்பொருளை வைத்துச் சொல்கிறோம். கண்ட்ரோல் பேனலில் 'யூசர் அண்ட் குரூப்' போய் முதலில் குரூப்புகளை உருவாக்குங்கள், பிறகு ஆட்களை. ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு (லாகின்). டிவிக்கும் ஸ்கேனருக்கும் கூடத் தனிக் கணக்கு. 'அட்மின்' என்ற பெயரிலேயே உள்ள கணக்கு இயங்கிக்கொண்டிருந்தால், வேறு பெயரில் நிர்வாகக் கணக்கு ஒன்று திறந்துவிட்டு அந்த 'அட்மின்' கணக்கை முடக்குங்கள். நிர்வாகக் கணக்கை நிர்வாகத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு, உங்கள் அன்றாட வேலையைச் சாதாரணக் கணக்கிலேயே செய்யுங்கள்.

அடுத்து 'ஷேர்டு ஃபோல்டர்', அதில் ஃபோல்டரைத் தேர்ந்து 'எடிட்', 'பெர்மிஷன்ஸ்'. மேலே உள்ள தேர்வில் 'லோக்கல் குரூப்ஸ்' என்று மாற்றிவிட்டு, தாளில் போட்ட கட்டத்தை அப்படியே குறியுங்கள்.

அதிகம் பேர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். ஒவ்வொரு குரூப்புக்கும் 'நோ ஆக்ஸஸ்', 'ரீட்/ரைட்', 'ரீட் ஒன்லி' என்று மூன்று பெட்டிகள் இருக்கும். மூன்றையும் காலியாக விடுவதும், 'நோ ஆக்ஸஸ்' குறிப்பதும் ஒன்றல்ல. காலியாக விட்டால் 'இந்தக் குரூப் வழியாக அனுமதி இல்லை' என்று மட்டும் பொருள். அதே ஆளுக்கு இன்னொரு குரூப் வழியாகக் கிடைக்கலாம். 'நோ ஆக்ஸஸ்' குறித்தால் வேறு எந்தக் குரூப் கொடுத்தாலும் செல்லாது. மறுப்பு எல்லாவற்றையும் வெல்லும், அடுத்து ரீட்/ரைட், கடைசியில்தான் ரீட் ஒன்லி. இந்த வரிசையால் இரண்டு தவறுகள் வரும். ஒன்று, புதிதாகச் சேர்க்கும் எல்லாரும் தானாகவே 'யூசர்ஸ்' குரூப்பில் விழுவார்கள். பாதுகாப்பு என்று நினைத்து யூசர்ஸுக்கு நோ ஆக்ஸஸ் குறித்தால் வீட்டில் ஒருவருக்கும் திறக்காது. அதைக் காலியாக விடுங்கள். க்யூநாப் நிறுவன நாஸில் இதே இடத்தில் 'எவ்ரிஒன்' குரூப் இருக்கும். இரண்டாவது, வீட்டாரில் ஒருவரைக் கணக்கு குரூப்பிலும் சேர்த்தால், வீட்டார் வழியே அவருக்கிருந்த ரீட் ஒன்லி போய் ரீட்/ரைட் ஆகிவிடும். அது தெரிந்தே செய்வதாக இருக்கட்டும்.

அதே எடிட் திரையின் முதல் பக்கத்தில் மூன்று சின்னக் குறிகள் இருக்கின்றன, மூன்றும் பயனுள்ளவை. அனுமதி இல்லாதவர்களுக்கு உள்ளிருக்கும் ஃபோல்டர்களை மறைப்பது ஒன்று. ரீசைக்கிள் பின்னை இயக்குவது இரண்டாவது. அதை நிர்வாகிகள் மட்டும் திறக்கும்படி வைப்பது மூன்றாவது. இந்த மூன்றாவதை விட்டுவிட்டால், ஒருவர் ரகசியம் என்று அழித்த கோப்பை ஃபோல்டரில் உள்ள மற்றவர் குப்பையிலிருந்து எடுத்துப் படிக்கலாம்.

உள்ஃபோல்டருக்குத் தனி அனுமதி வேண்டாம்

டிஎஸ்எம்மின் கோப்புப் பார்வைச் செயலியான ஃபைல் ஸ்டேஷனில் உள்ஃபோல்டர் ஒவ்வொன்றுக்கும் தனி அனுமதி வைக்க முடியும். முடிந்தவரை வைக்காதீர்கள். ஷேர்டு ஃபோல்டரின் அனுமதி வெளிக்கதவு என்றால், உள்ளே உள்ளது அறைக்கதவு. இரண்டும் திறந்தால்தான் போக முடியும். எந்தக் கதவு பூட்டியிருக்கிறது என்று தேடியே ஒரு மாலை போய்விடும். இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே ஷேர்டு ஃபோல்டருக்குள் ஒரு கோப்பை இழுத்து வேறு உள்ஃபோல்டருக்கு மாற்றினால், பழைய இடத்து அனுமதியே அதில் ஒட்டிக்கொண்டு வரலாம். நகல் எடுத்தால்தான் புதிய இடத்து அனுமதியை ஏற்கும். 'எல்லாருக்கும் திறக்கிறது, இந்த ஒரு கோப்பு மட்டும் திறக்கவில்லை' என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். அப்போது மேல்ஃபோல்டரின் 'ப்ராப்பர்டீஸ்', 'பெர்மிஷன்' போய், உள்ஃபோல்டர்களுக்கும் கோப்புகளுக்கும் சேர்த்து அமல்படுத்தும் குறியைப் போட்டுச் சேமியுங்கள். தனி அனுமதி தேவைப்படும் அளவுக்கு ஒரு விஷயம் முக்கியமானால், அதற்குத் தனி ஷேர்டு ஃபோல்டரே திறப்பது நல்லது.

'எழுதலாம், ஆனால் அழிக்கக் கூடாது' என்று கங்காணிக்குக் கொடுக்க நிறையப் பேர் ஆசைப்படுகிறார்கள். கஸ்டம் அனுமதியில் அழிக்கும் உரிமையை மட்டும் எடுத்துவிட வழி இருக்கிறது. ஆனால் எக்ஸெல் போன்றவை சேமிக்கும்போது முதலில் தற்காலிகக் கோப்பு ஒன்றை எழுதி, பழையதை அகற்றி, புதியதற்கு அந்தப் பெயரை வைக்கும். அழிக்கும் உரிமை இல்லாவிட்டால் சேமிப்பு தோற்றுப்போய், ஃபோல்டர் முழுக்கத் தற்காலிகக் கோப்புகளாய்க் குவியும். மஸ்டரை எக்ஸெலில் எழுதுகிறவருக்கு முழு ரீட்/ரைட் கொடுத்துவிட்டு, அழிவுக்கு ஸ்னாப்ஷாட்டை (ஃபோல்டர் அந்த நேரத்தில் இருந்த நிலையைப் பதிந்து வைப்பது) நம்புங்கள். டிஸ்க் பிடிஆர்எஃப்எஸ் (Btrfs) வடிவில் இருந்தால் தினம் ஒரு ஸ்னாப்ஷாட், 30 நாள் வைப்பு போதும். வெறுமனே போட்டோ, ஸ்கேன் போடும் ஃபோல்டருக்கு மட்டும் அழிக்காத அனுமதி சரியாக வேலை செய்யும்.

ராஸ்ப்பெரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டரில் சாம்பா என்ற கோப்புப் பகிர்வு மென்பொருளை வைத்திருப்பவர்களுக்கும் இரண்டு கதவுக் கணக்கு அப்படியே பொருந்தும். சாம்பா அமைப்பில் குரூப்பைச் சேர்த்தால் மட்டும் போதாது. லினக்ஸ் பக்கத்திலும் ஃபோல்டரின் குரூப்பை மாற்றி, அனுமதியை 2770 என்று வைக்க வேண்டும். முன்னால் உள்ள 2 இருந்தால்தான் யார் புதுக் கோப்பு போட்டாலும் அது அதே குரூப்புக்குச் சேரும். அது இல்லாமல் 770 வைத்தால், அண்ணன் போட்ட கோப்பைத் தம்பியால் திருத்த முடியாது. சாம்பா உருவாக்கும் கோப்புகளுக்கு 0660 என்ற மாஸ்க்கும் (அனுமதி வரம்பு, create mask) வேண்டும். எக்ஸ்ஃபேட் வடிவில் உள்ள யுஎஸ்பி டிஸ்க்கில் இதெல்லாம் பலிக்காது. அந்த வடிவம் அனுமதிகளைச் சேமிப்பதே இல்லை. ஈஎக்ஸ்டி4-க்கு மாற்றியாக வேண்டும்.

விண்டோஸ் பிடிவாதம்

ஒரே கம்ப்யூட்டரில் அப்பா கணக்கில் ஒரு ஃபோல்டரையும் கணக்கர் கணக்கில் இன்னொன்றையும் திறக்கப் பார்த்தால் 1219 என்ற பிழை வரும். ஒரு சர்வருக்கு ஒரு நேரத்தில் ஒரு கணக்குதான் என்பது விண்டோஸின் விதி. ஏற்கனவே மேப் செய்த டிரைவ்களைத் துண்டித்து, கிரெடென்ஷியல் மேனேஜரில் நாஸ் பெயரில் உள்ள பழைய பதிவை நீக்கி, விண்டோஸில் ஒருமுறை சைன் அவுட் செய்து நுழையுங்கள். குரூப் மாற்றம் செய்த பிறகும் இதையே செய்ய வேண்டும். பழைய இணைப்பு பழைய அனுமதியோடுதான் ஓடிக்கொண்டிருக்கும்.

பாஸ்வேர்டு மாற்றிய மறுநாள் வீட்டில் ஒருவருக்கு மட்டும் நாஸே தெரியவில்லை என்றால், அவருடைய போனோ லேப்டாப்போ பழைய பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்ப அனுப்பியிருக்கும். டிஎஸ்எம்மில் 'செக்யூரிட்டி', 'ப்ரொடெக்ஷன்' பகுதியில் உள்ள ஆட்டோ பிளாக் பட்டியலில் அந்தக் கருவியின் ஐபி எண் விழுந்திருக்கும். அங்கிருந்து நீக்குவதற்கு முன் கருவியில் பாஸ்வேர்டைத் திருத்துங்கள், இல்லாவிட்டால் மறுபடியும் விழும்.

பாஸ்வேர்டே இல்லாத கெஸ்ட் வழியைத் திறக்க வேண்டாம். விண்டோஸ் 11 ப்ரோவின் 24எச்2 பதிப்பு அதை இயல்பாகவே மறுக்கிறது. பழைய ஸ்கேனர் எஸ்எம்பி 1 (கோப்புப் பகிர்வு நெறிமுறையின் பழைய பதிப்பு) கேட்டாலும் கொடுக்காதீர்கள்; 2017 மே மாதம் வானாக்ரை ரான்சம்வேர் பரவியது அந்த ஓட்டை வழியாகத்தான். ஸ்கேனை ஒரு கம்ப்யூட்டருக்கு அனுப்பி, அங்கிருந்து நாஸுக்கு நகர்த்திக்கொள்ளலாம்.

தமிழ், மலையாளப் பெயர்கள்

ஷேர்டு ஃபோல்டர் பெயரும் குரூப் பெயரும் ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல் இருக்கட்டும். தாளில் தமிழில் எழுதியதை ஏற்றும்போது இப்படி மாற்றிக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பவற்றுக்குத் தமிழும் மலையாளமும் தாராளமாக வைக்கலாம், ஆனால் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். 'தோட்டம்' என்பதில் உள்ள 'தோ'வின் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். மேக்கிலிருந்து சில வழிகளில் வரும் பெயர்கள் பிரிந்தே வரும். மலையாளத்தில் வண்டன்மேடு என்று எழுதினால் அதில் வரும் சில்லெழுத்துக்கும் (உயிரொலி இல்லாத மெய்க்கான தனி எழுத்து) இரண்டு வடிவம்: பழைய முறை ஒன்று, 2008-இல் யூனிகோட் 5.1 சேர்த்த தனி எழுத்து மற்றொன்று. கண்ணுக்கு ஒரே பெயராகத் தெரியும் இரண்டு ஃபோல்டர்கள் அருகருகே நிற்கும். நீங்கள் அனுமதி வைத்தது ஒன்றில், ஆள் கோப்பு போட்டது மற்றொன்றில். ஒரே பெயர் இருமுறை தெரிந்தால் ஒன்றில் உள்ளதை மற்றதற்கு மாற்றிவிட்டு, காலியானதை அழியுங்கள்.

நீளத்துக்கும் வரம்பு உண்டு. ஒரு பெயருக்கு 255 பைட். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட். 'கா', 'ய்' போன்றவை இரண்டிரண்டு குறியீடு. சைனாலஜியில் ஷேர்டு ஃபோல்டரையே என்க்ரிப்ட் செய்தால் வரம்பு 143 பைட்டாகச் சுருங்கி, 47 தமிழ்க் குறியீடுகளோடு நின்றுவிடும். ஏலப் பட்டியலின் முழு விவரத்தையும் கோப்புப் பெயரிலேயே எழுதுகிறவர்களுக்கு, நகல் எடுக்கும்போது பாதிக் கோப்புகள் மறுக்கப்படுவது இதனால்தான்.

டிவியும் வெளியூரும்

டிவிக்குக் கணக்கு வைத்து ரீட் ஒன்லி கொடுத்தாயிற்று என்று இருந்துவிடாதீர்கள். டிவிக்குப் படங்களை அனுப்பும் டிஎல்என்ஏ மீடியா சர்வர் நாஸில் ஓடினால் அது யாரிடமும் பெயரோ பாஸ்வேர்டோ கேட்பதில்லை. அதில் சேர்த்த ஃபோல்டரின் படங்கள் வீட்டு வைஃபையில் இருக்கும் எந்தக் கருவிக்கும் தெரியும், விருந்தாளியின் போன் உட்பட. மீடியா பட்டியலில் படம் ஃபோல்டருக்குள் ஒரு சினிமா உள்ஃபோல்டரை மட்டும் சேருங்கள். விருந்தாளிக்கு ரவுட்டரில் கெஸ்ட் வைஃபை தனியே கொடுங்கள்.

தோட்டத்திலிருந்தோ திருவனந்தபுரத்தில் படிக்கும் பிள்ளையிடமிருந்தோ கோப்பு வர வேண்டும் என்றால் கோப்புப் பகிர்வு நடக்கும் 445 போர்ட்டை ரவுட்டரில் திறக்கவே கூடாது. 2022 ஜனவரியில் டெட்போல்ட் ரான்சம்வேர் பூட்டியது இணையத்துக்கு நேரே திறந்து வைத்திருந்த நாஸ்களைத்தான். டெய்ல்ஸ்கேல் அல்லது வயர்கார்ட் என்ற விபிஎன் (வீட்டு நெட்வொர்க்குக்குப் பாதுகாப்பான தனி வழி) போட்டால் வெளியில் இருப்பவரும் வீட்டுக்குள் இருப்பவரைப் போலவே, அதே கணக்கு, அதே அனுமதியோடு நுழைவார்.

எல்லாம் வைத்த பிறகு நிர்வாகக் கணக்கில் சோதிப்பதால் பயனில்லை, அதற்கு எல்லாமே திறக்கும். ஒவ்வொரு குரூப்பிலும் ஒரு கணக்கில் நுழைந்து நான்கு செயல்களைச் செய்து பாருங்கள்: ஒரு கோப்பைத் திறப்பது, புதிதாக ஒன்று உருவாக்குவது, பெயர் மாற்றுவது, அழிப்பது. தாளில் உள்ள கட்டத்தோடு ஒத்துப்போக வேண்டும். முக்கியமாக, திறக்கக் கூடாதது திறக்கவில்லை என்பதையும் பாருங்கள்.

யாராவது வேலையை விட்டுப் போனால் கணக்கை உடனே அழிக்காமல் முதலில் முடக்குங்கள். அழித்தால் அவர் உருவாக்கிய கோப்புகளில் உரிமையாளர் பெயருக்குப் பதில் வெறும் எண் நிற்கும். முடக்கினாலும் ஏற்கனவே திறந்திருக்கும் இணைப்பு ஓடிக்கொண்டிருக்கலாம். ரிசோர்ஸ் மானிட்டரில் இணைந்திருப்போர் பட்டியலைத் திறந்து அவருடைய இணைப்பைத் துண்டியுங்கள், அவர் லேப்டாப்பில் டெய்ல்ஸ்கேல் இருந்தால் அந்தக் கருவியையும் உங்கள் பட்டியலிலிருந்து நீக்குங்கள்.