ஆடிக் காத்துக்கு அசையாத பெரணி: ஒரு கண்ணாடித் தொட்டி போதும்

பல்லடம் பக்கம் ஆடி மாசம் துவைத்துப் போட்ட வேட்டி கால் மணி நேரத்தில் மொடமொடவென்று காய்ந்துவிடும், அந்தக் காற்றில் பெரணிச் செடி எத்தனை நாள் தாங்கும்? குன்னூரில் வாங்கி வந்த மூன்றும் எனக்கு ஒரே வாரத்தில் கருகின. ஓட்டை காரணமாகச் சும்மா கிடந்த மீன் தொட்டிதான் வழி காட்டியது.

அடியில் இரண்டு விரற்கடை சரளைக்கல், மேலே கைப்பிடி அடுப்புக்கரி. அதற்கும் மேலே பொள்ளாச்சித் தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் சரிபாதி. நார்க்கழிவை இரண்டு மூன்று தண்ணீர் மாற்றி அலசிவிடுங்கள், உப்பு இருக்கும். செடியை நட்டு ஒரே ஒரு டம்ளர் தண்ணீர் தெளித்து, படம் மாட்டும் கடையில் வெட்டி வாங்கிய கண்ணாடியால் மூடுங்கள். அவ்வளவுதான், இனி ஊற்றக் கூடாது! இலையிலிருந்து போகும் ஈரம் கண்ணாடியில் முத்து முத்தாகக் கோத்து மறுபடி மண்ணுக்கே இறங்கும்.

இதைக் கண்டுபிடித்தவர் லண்டன் மருத்துவர் நத்தானியேல் வார்டு. 1829-ல் பூச்சிக்கூடு ஒன்றை ஈரமண்ணோடு பாட்டிலில் மூடி வைத்தவர், அதில் பெரணி முளைத்ததைப் பார்த்தார். ஆனால் எனக்குப் பிடித்த ஆள் அவரோடு கைகோத்த ஜார்ஜ் லாடிஜஸ். லண்டன் பக்கம் ஹாக்னியில் அப்பாவின் நாற்றுப் பண்ணையை நடத்தியவர், பனை வளர்த்த கண்ணாடி வீட்டை நீராவியால் சூடாக்கி, குழாயில் துளை போட்டு உள்ளேயே மழை பெய்ய வைத்த மூளைக்காரர், வியாபாரத்திலும் கெட்டி. 1833-ல் இப்படி மூடிய பெட்டிகள் கப்பலேறி சிட்னி போய்ச் சேர்ந்தன, செடிகள் உயிரோடு. அதுவரை லாடிஜஸ் கப்பலில் வரவழைத்த செடிகளில் இருபதில் பத்தொன்பது செத்ததாம், பெட்டி வந்தபின் இருபதில் பத்தொன்பது பிழைத்ததாம்; சொன்னது அவரே.

சரி, நம்ம தொட்டிக்கு வருவோம். வடக்குப் பார்த்த ஜன்னலோரம் வையுங்கள். நான் சித்திரையில் மொட்டை மாடியில் வைத்து, செடியை இட்லி மாதிரி அவித்தேன். காலையில் மட்டும் கண்ணாடி வேர்த்தால் அளவு சரி. நாள் முழுக்க வேர்த்தால் ஒரு மணி நேரம் திறந்து விடுங்கள், வேர்க்கவே இல்லையென்றால் கால் டம்ளர் தெளியுங்கள். கற்றாழை, ரோஜா மாதிரி வெயில் கேட்பவை வேண்டாம், அழுகிவிடும்.

"ஏனுங் மாப்ள, பாவம், அதுக்குத் தண்ணி ஊத்த மாட்டீங்களா?" என்று அத்தை இன்றைக்கும் கேட்கிறார். கடைசியாக ஊற்றியது தைப் பொங்கலுக்கு.