டிரான்சியன்ட் சிமுலேஷன்: வரைபடம் ஏமாற்றும் இடங்கள்

400 கிலோவோல்ட் லைன் ஒன்றுக்குப் பிரேக்கரை மூடி மின்சாரம் கொடுக்கிறோம். திறந்து கிடக்கும் மறுமுனையில் மின்னழுத்தம் எவ்வளவு எகிறும்? இந்தக் கணநேர எகிறல்தான் டிரான்சியன்ட். அதைக் கணக்கிடும் சிமுலேஷனைக் கம்ப்யூட்டரில் ஓட்டினால் தயங்காமல் பதில் சொல்லும். தப்பான தரவைக் கொடுத்தாலும் அதே நேர்த்தியோடு வரைபடம் போட்டுத் தரும், சங்கடமே அங்குதான்.

முதல் சறுக்கல், லோடு ஃப்ளோவுக்கு (நிலையான ஓட்டத்தில் மின்சாரம் எப்படிப் பாய்கிறது என்ற கணக்குக்கு) வைத்திருந்த பை மாடலை இங்கேயும் இழுத்து வருவது. லைன் முழுவதையும் ஒரு மின்தடை, ஒரு மின்தூண்டல், இரு முனைகளிலும் கபாசிட்டர் என்று சுருக்குவதுதான் பை மாடல். 200 கி.மீ. லைனை அலை கடக்க ஏறக்குறைய 670 மைக்ரோ விநாடி ஆகும். ஒற்றைப் பை மாடலுக்கு அந்தப் பயண நேரம் என்பதே தெரியாது. "பத்துப் பையை அடுக்கினால் போச்சு" என்பார்கள். அலைவேகத்தைத் துண்டுகளின் எண்ணிக்கையால் பெருக்கி, லைன் நீளத்தின் எட்டு மடங்கால் வகுத்துப் பாருங்கள்: சுமார் 1,900 ஹெர்ட்ஸ் வரைதான் தாங்கும். அதற்கு மேல் தெரியும் ஆட்டமெல்லாம் துண்டுகளின் ஆட்டம், லைனுடையது அல்ல.

ஹெர்மன் டொம்மெல் 1969-ல் வெளியிட்ட கட்டுரை, இழப்பில்லாத லைனைப் பயண அலைகளாகவே கணக்கிடும் பெர்ஜரான் வழியைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்தது. ஆனால் அந்த மாடல் ஒரே ஒரு அதிர்வெண்ணில் கணக்கிட்ட மதிப்புகளோடு ஓடுவது. பழக்கதோஷத்தில் 50 ஹெர்ட்ஸ் என்று போட்டுவிடுகிறோம். நம் 200 கி.மீ. லைனின் இயல்பான ஆட்டமோ 375 ஹெர்ட்ஸை ஒட்டியது. பின்னாலிருக்கும் மூலத்தின் மின்தூண்டல் அதைக் கொஞ்சம் இறக்கும்.

இதனால் என்ன குடி முழுகிவிடும்? மண்ணைக் கவனியுங்கள். மின்தடைத்திறன் 100 ஓம்-மீட்டர் உள்ள மண்ணில், 50 ஹெர்ட்ஸில் மண்வழியே திரும்பிவரும் மின்னோட்டத்துக்குக் கார்சன் சூத்திரத்தின்படி வரும் சமான ஆழம் சுமார் 930 மீட்டர். 5,000 ஹெர்ட்ஸில் அதுவே 93 மீட்டர். ஆழம் குறையக் குறைய மண்வழி மின்தடை ஏறும், மின்தூண்டல் இறங்கும். 50 ஹெர்ட்ஸ் மதிப்பையே வைத்துக்கொண்டால் மண்வழி அலை உண்மையில் தேய்வதைவிட மெதுவாகத் தேயும். ஆட்டம் அடங்காமல் நீண்டுகொண்டே போகும். ஹோசே மார்ட்டி 1982-ல் கொடுத்த அதிர்வெண் சார்ந்த மாடல் இதற்காகவே வந்தது. அதிலும் 100 ஓம்-மீட்டர் என்ற இயல்பு மதிப்பைக் கைவைக்காமல் விட்டு, லைனைப் பாறைக்காட்டில் ஓட்டுபவர்கள் உண்டு!

டைம்ஸ்டெப் (எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை கணக்குப் போடுவது) விஷயம் சின்னது, ஆனால் கொல்லும். 50 மைக்ரோ விநாடியில் ஓட்டினால் 3 கி.மீ. லைனை அலையாகக் காட்ட வழியில்லை, அதன் பயண நேரமே 10 மைக்ரோ விநாடிதான். மின்னல் ஆய்வு என்றால் 60 மீட்டர் டவரை அலை 0.2 மைக்ரோ விநாடியில் கடந்துவிடும். பிரேக்கர் திறந்ததும் ரம்பப் பல் மாதிரி மின்னழுத்தம் மேலும் கீழும் குதித்தால் உடனே அதை லைனின் நிஜமான ஆட்டம் என்று நம்பிவிடாதீர்கள். டைம்ஸ்டெப்பைப் பாதியாக்குங்கள், குதிப்பும் இரட்டிப்பு வேகமானால் அது கணக்கு முறையின் குறும்பு.

தரவு உள்ளிடுவதில் நானே மாட்டியிருக்கிறேன். விட்டம் கேட்ட இடத்தில் ஆரத்தைப் போட்டேன். இன்னொரு முறை ஃபேஸுக்கு இரண்டாக ஓடும் இரட்டைக் கம்பியை ஒற்றையாக எழுதிவிட்டேன். நம் நாட்டு 400 கிலோவோல்ட் லைன்களில் சகஜமான இரட்டை 'மூஸ்' வகைக் கம்பிக்கு அலைத்தடை (பயண அலையில் மின்னழுத்தத்துக்கும் மின்னோட்டத்துக்கும் உள்ள விகிதம்) 300 ஓம் பக்கம் வரவேண்டும். ஒற்றையானால் 400-ஐத் தொடும். கால்குலேட்டரில் இரண்டு நிமிட வேலை, செய்துவிட்டு ஓட்டுங்கள். கம்பியின் சராசரி உயரத்துக்கு, டவரில் உள்ள உயரத்திலிருந்து தொய்வில் மூன்றில் இரண்டு பங்கைக் கழிக்கவும் மறக்கவேண்டாம்.

எல்லாம் சரியாக இருந்தும், பிரேக்கரை ஒரே ஒரு தடவை மூடிப் பார்த்து "உச்சம் இவ்வளவு" என்று அறிக்கை எழுதுகிறார்கள். மூன்று ஃபேஸும் ஒரே கணத்தில் மூடுவதில்லை. அலையின் எந்தப் புள்ளியில் மூடும் என்பதும் நம் கையில் இல்லை. நேரத்தைச் சிதறவிட்டு நூறு, இருநூறு தடவை ஓட்டி, நூற்றில் இரண்டு தடவை மட்டுமே தாண்டப்படும் மதிப்பை எடுங்கள். தானியங்கி மறுமூடல் (திறந்த பிரேக்கர் தானே மீண்டும் மூடுவது) உள்ள லைனில் தேங்கிய மின்னூட்டத்தையும் சேருங்கள். கபாசிட்டர் வகை வி.டி. (மின்னழுத்தத்தை அளக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) அதை வடித்துவிடாது. எதிர்ப்பக்கம் 1 பெர் யூனிட் (இயல்பான உச்ச மின்னழுத்தத்தின் ஒரு மடங்கு) தேங்கிய நிலையில் மூலத்தின் உச்சத்தில் மூடினால், ஃபேஸ்களுக்கிடையேயான பிணைப்பையும் இழப்பையும் விட்டுவிட்டே திறந்த முனை 3 பெர் யூனிட்டைத் தொடும்.