தாவும் சிலந்தி வளர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தாவும் சிலந்தியைப் பெட்டியில் வைத்துக் கவனிக்கத் தொடங்கும் புதியவர்கள் அவ்வப்போது என்னிடம் யோசனை கேட்கிறார்கள். கேட்பவர்கள்தான் மாறுகிறார்கள், கேள்விகள் மாறுவதில்லை. தொடக்கத்தில் நாங்கள் எதையெல்லாம் செய்து சிலந்திகளைப் பறிகொடுத்தோமோ, அதையேதான் இவர்களும் செய்கிறார்கள். பெட்டியில் காற்றுத் துளை வேண்டும், பூச்சிமருந்து பட்ட ஈயைக் கொடுக்கக் கூடாது என்பவை எவரும் அறிந்தவை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

கூட்டைப் பிரித்துப் பார்ப்பது

இதைக் கேள்விப்படும் ஒவ்வொரு முறையும் எனக்குக் கோபம் வருகிறது.

தாவும் சிலந்தி வலை விரித்து இரைக்காகக் காத்திருப்பதில்லை. பார்த்து, பதுங்கி, பாய்ந்து பிடிக்கிறது. ஆனாலும் அதற்குப் பட்டு நூல் வேண்டும். ஓய்வெடுக்கவும் முட்டையிடவும் தோலுரிக்கவும் ஒரு சிறு பையைப் பின்னிக்கொள்கிறது. தோலுரிக்கும் காலம் நெருங்கினால் அந்தக் கூடு தடித்து வெளுத்துவிடும். உள்ளே இருப்பது நிழலாகத்தான் தெரியும். சிலந்தி இரையைத் தொடாது, நிறம் மங்கும், வெளியே தலை காட்டாது. சில நாட்களில் முடியலாம். இரண்டு மூன்று வாரங்களும் ஆகலாம்.

இந்த இடத்தில்தான் புதியவருக்குப் பொறுமை போய்விடுகிறது. பட்டினியில் செத்துவிடுமோ என்று இடுக்கியை எடுத்துக் கூட்டைக் கிழிக்கிறார்.

எனக்குத் தெரிந்த மாணவர் ஒருவர் இரவில் அழைத்தார். “அண்ணா, அசையவே இல்லை. கூட்டைத் திறந்துவிட்டேன். இப்போது என்ன செய்வது?” என்றார். செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. மறுநாள் போய்ப் பார்த்தேன். தலைமார்பின் மேலோடு திறந்திருந்தது. முன்கால்கள் பழைய உறையிலிருந்து பாதிதான் வெளியே வந்திருந்தன. வந்த பாதியும் வளைந்தபடியே இறுகிவிட்டிருந்தது. சிலந்தி இறந்திருந்தது. தொடாமல் விட்டிருந்தால் அது தானாகவே வெளியே வந்திருக்கும். அவர் அலட்சியத்தில் செய்யவில்லை, அக்கறையில்தான் செய்தார். அதனால்தான் எனக்கு ஆறவே இல்லை.

உள்ளே நடப்பது இதுதான். பழைய தோலுக்கு அடியில் புதிய தோல் ஏற்கெனவே உருவாகியிருக்கிறது. சிலந்தி உடல் திரவத்தை வயிற்றிலிருந்து முன்பக்கம் தள்ளி, அந்த அழுத்தத்தால் பழைய மேலோட்டைப் பிளக்கிறது. பிறகு எட்டுக் கால்களையும் உருவி எடுக்க வேண்டும். புதிய தோல் இறுகுவதற்குள் இது முடிந்தாக வேண்டும். இடையில் தொந்தரவு நேர்ந்தாலோ காற்று மிகவும் வறண்டிருந்தாலோ கால்கள் சிக்கிக்கொள்ளும்.

கண்களின் வில்லைகளும் தோலின் பகுதிதான். ஆகவே அவையும் உரிகின்றன. சிலந்தி கழற்றிப் போட்ட சட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். முன்னாலுள்ள இரண்டு பெரிய வில்லைகளும் கண்ணாடிச் சில்லுகளைப் போலத் தெளிவாக நிற்கும். பார்வையை நம்பியே வாழும் உயிர் தன் கண்களின் மேல்பரப்பையே மாற்றிக்கொள்கிறது. அந்த நேரத்தில் அது ஒளிந்துகொள்ளாமல் வேறு என்ன செய்யும்?

வயிறு பருத்திருந்தால் பட்டினி இல்லை, பயம் வேண்டாம். பெட்டிச் சுவரில், கூட்டின்மேல் படாமல், மெல்லிய நீர்த்தூவல் போதும். ஆசை காட்டுவதற்காக உயிருள்ள சுவர்க்கோழியை உள்ளே விட்டுவைக்காதீர்கள். மென்மையான உடலோடு கிடக்கும் சிலந்தியை அது கடித்துவிடும். சிலந்தி வெளியே வந்த பிறகும் நச்சுப்பற்கள் கெட்டிப்பட சில நாட்கள் கொடுத்துவிட்டுத்தான் இரை வைக்க வேண்டும்.

மேல்மூடி வைத்த பெட்டி

சிலந்தி உயரமான மூலையில்தான் கூடு கட்டும், பெரும்பாலும் மூடியிலேயே. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கூடு கிழிகிறது. பக்கவாட்டிலோ அடியிலோ திறக்கும் பெட்டியை வாங்குங்கள்.

சுருண்ட கால்களைக் கண்டு தூக்கி எறிவது

சிலந்தியின் கால்களை மடக்கத் தசைகள் உண்டு. முக்கியமான மூட்டுகளில் நீட்டுவதற்குத் தசை கிடையாது. உடல் திரவத்தின் அழுத்தமே காலை நீட்டுகிறது. பின்கால்களில் அந்த அழுத்தத்தைச் சட்டென்று ஏற்றித்தான் அது தாவுகிறது. உடலில் நீர் வற்றினால் அழுத்தம் குறைந்து கால்கள் உள்நோக்கிச் சுருளும். வயிறு சுருங்கி, கால்கள் மடங்கிக் கிடக்கும் சிலந்தி இன்னும் உயிரோடு இருக்கலாம். ஈரமான பஞ்சின் நுனியை வாய்ப்பக்கம் வையுங்கள். மூழ்கும் அளவுக்கு ஊற்றாதீர்கள்.

கண் நிறம் மாறுகிறது என்று பதறுவது

உற்றுப் பார்த்தால் முன்கண்கள் கறுப்பாகவும் சற்று நேரத்தில் வெளிறியும் தெரியும். நோய் அல்ல. வில்லை அசையாது, அதன் பின்னாலுள்ள நீண்ட குழாயும் அதன் முனையிலுள்ள விழித்திரையும் தசைகளால் அசைகின்றன. குழாய் உங்கள் பக்கம் திரும்பினால் கறுப்பு, விலகினால் வெளிறல். சிலந்தி உங்களை ஆராய்ந்துகொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

சிவப்பு விளக்கின் கீழ் இரை கொடுப்பது

சிவப்பு ஒளி சிலந்தியைத் தொந்தரவு செய்யாது என்று யாரோ சொல்ல, பலரும் நம்புகிறார்கள். ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட ஆய்வு வேறு கதை சொல்கிறது. தாவும் சிலந்தியின் முதன்மைக் கண்ணில் விழித்திரை நான்கு அடுக்குகளாக இருக்கிறது. பச்சை ஒளியை உணரும் இரண்டு அடுக்குகளில் ஒன்றில் பிம்பம் தெளிவாகவும் மற்றொன்றில் மங்கலாகவும் விழுகிறது. அந்த மங்கலின் அளவைக் கொண்டே அது தூரத்தைக் கணிக்கிறது. பச்சை இல்லாத சிவப்பு ஒளியில் ஹசாரியஸ் அடன்சோனி என்ற சிலந்தியைத் தாவவிட்டபோது, தூரத்தைக் குறைவாகக் கணித்து இரைக்கு முன்பே விழுந்தது. இது பகலில் வேட்டையாடும் உயிர். பகல் வெளிச்சத்திலேயே இரை கொடுங்கள்.

இரண்டை ஒரே பெட்டியில் விடுவது

வேண்டாம். ஒன்று மற்றொன்றைத் தின்றுவிடும்.

எறும்பு என்று நினைத்து ஒதுக்குவது

மிர்மராக்னே பேரினத்துத் தாவும் சிலந்திகள் முன்கால் இரண்டையும் தூக்கி எறும்பின் உணர்கொம்புகளாக ஆட்டும். கால்களை எண்ணுங்கள்.

முதிர்ந்த ஆணுக்கு இரையைத் திணிப்பது

வாயருகே உள்ள சிறு கைகளின் நுனி குத்துச்சண்டை உறை போல உப்பியிருந்தால் அது வளர்ந்த ஆண். அதற்கு இனித் தோலுரிப்பு கிடையாது, பசியும் குறைவு. பெண்ணைத் தேடிப் பெட்டியெங்கும் அலையும். தின்னாத இரையை எடுத்துவிட்டுத் தண்ணீர் மட்டும் தவறாமல் வையுங்கள்.