குறைமாதக் குழந்தைக்குப் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் மாட்டும்போது

எங்கள் வார்டுக்குப் புதிதாக வரும் நர்ஸ்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: அலாரம் அடித்தால் குழந்தையைப் பாருங்கள். நிறம், மூச்சு, அசைவு. அப்புறம்தான் மானிட்டர்.

பல்ஸ் ஆக்ஸிமீட்டர் என்பது ரத்தத்தில் ஆக்ஸிஜன் எத்தனை சதவீதம் என்று தோல் வழியே ஒளி விட்டு அளக்கும் கருவி. பிறந்த புதிதில் அதன் சென்சாரை வலது கையில் சுற்றுங்கள். மூளைக்குப் போகும் ரத்தத்தின் ஆக்ஸிஜன் அளவு அங்கேதான் தெரியும். ஒளி விடும் பக்கமும் வாங்கும் பக்கமும் நேருக்கு நேர் இருக்கட்டும். இறுக்க வேண்டாம், அந்தத் தோல் ஈரக் காகிதம் மாதிரி. மூன்று, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கழற்றி, அடியில் சிவந்திருக்கிறதா என்று பார்த்து இடம் மாற்றுங்கள். மஞ்சள் காமாலைக்கு வைக்கும் போட்டோதெரபி விளக்கு எரிந்தால் சென்சார் மேல் ஒரு துணி.

மானிட்டரில் நாடி அலை சீராக ஓடி, நாடித்துடிப்பு இசிஜி எண்ணோடு ஒத்துப்போனால்தான் திரையில் வரும் எண்ணை நம்பலாம்.

ஆக்ஸிஜன் கொடுக்கும் குழந்தைக்கு இலக்கு பொதுவாக 90 முதல் 95 சதவீதம். 99 வந்தால் புதியவர்களுக்குச் சந்தோஷம், எனக்கு வயிற்றைக் கலக்கும். கூடுதல் ஆக்ஸிஜன் விழித்திரையைக் கெடுத்துவிடும். அதனால் மேல்வரம்பு அலாரத்தை அணைக்காதீர்கள். வெறும் காற்றை மூச்சிழுக்கும் குழந்தைக்கு 99 இருந்தால் சரி, பயமில்லை. அளவு இறங்கியதும் ஆக்ஸிஜனை ஏற்றினீர்களா? குழந்தை தேறும்வரை பக்கத்திலேயே நின்று, படிப்படியாகக் குறைத்துவிட்டு நகருங்கள்.